எல்லாரும் படிச்சாங்க, யாரும் ஒத்துக்கல

ஒரு பிரபு, அவர் வீட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஏழைப் பெண், இரண்டு பேருக்கும் காதல். முந்நூறு வயசான ரத்தக்காட்டேரி, காலேஜ் பொண்ணு மேல பைத்தியமாகிறான். பௌர்ணமி வந்தா ஓநாயா மாறுற ஹீரோ. நடுநடுவே, பக்கத்துல யாராவது வந்தா டக்குனு போனைக் கவிழ்த்து வைக்க வேண்டிய அத்தியாயங்கள். இந்த மாதிரிக் கதைகள் படிக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே நிறைய பேர் இருக்காங்க. என்ன படிக்கிறேன்னு கேட்டா மட்டும் பதில் வேற மாதிரி வரும். சும்மா ரீல்ஸ் பார்த்தேன்னு சொல்லுவாங்க. ரீல்ஸ் பார்ப்பது கௌரவமான வேலை, ரொமான்ஸ் படிப்பது அப்படி இல்லை என்று எந்தக் கமிட்டி முடிவு பண்ணியதோ!

இப்படி ஒளித்துப் படிக்கிற பழக்கத்துக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. 1907-இல் லண்டனில் ‘மூன்று வாரங்கள்’ என்ற நாவல் வெளிவந்தது. லட்சக்கணக்கில் விற்றது. படித்ததாக வெளியே சொன்னவர்கள்தான் ரொம்பக் கம்மி. அதை எழுதியவர் பெயர் எலினார் க்ளின்.

எலினார் 1864 அக்டோபர் 17-இல், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் ஜெர்சி தீவில் பிறந்தார். அப்பா டக்ளஸ் சதர்லாண்ட் ஒரு சிவில் இன்ஜினியர் (சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்). குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே அவர் டைபாய்டில் இறந்துபோனார். அம்மா இரண்டு பெண் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு கனடாவில் குவெல்ஃப் என்ற ஊரில் இருந்த தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பாட்டி ராஜ்ஜியம். பழைய பிரெஞ்சுப் பிரபுக் குடும்பங்களின் நடை, உடை, பேச்சு எல்லாவற்றையும் பேத்திகளுக்கு ஊட்டி வளர்த்தார். எப்படி உட்காரணும், எப்படி நடக்கணும், எதைக் கேட்டாலும் முகத்தில் எதையும் காட்டாமல் எப்படி இருக்கணும் என்பது வரைக்கும் பாடம். கையில் காசில்லாத வீட்டில் அரண்மனைப் பழக்கவழக்கம். எலினாருக்குக் கடைசி வரை அது போகவே இல்லை.

அம்மா மறுமணம் செய்துகொண்டதும் குடும்பம் ஜெர்சிக்குத் திரும்பியது. எலினார் பள்ளிக்கூடம் போனதே கிடையாது. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியைகளும் நிலைக்கவில்லை. மாற்றாந்தந்தையின் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. அவற்றைத் தானாகவே எடுத்துப் படித்துத் தள்ளினார். சிவந்த முடி, பச்சைக் கண். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சிவந்த முடி அழகில் சேர்த்தி இல்லை. தான் அழகி என்பதே அவருக்குக் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இங்கே அக்கா லூசியைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். அவர்தான் பின்னாளில் ‘லூசில்’ என்ற பெயரில் லண்டன், நியூயார்க், பாரிஸ் என்று ஆடை வடிவமைப்பில் கொடிகட்டிப் பறந்த லேடி டஃப் கார்டன். டைட்டானிக் கப்பலில் இருந்து தப்பியவர். 40 பேர் ஏறக்கூடிய உயிர்காக்கும் படகில் 12 பேர் மட்டும் ஏறிப் போனதாகப் பெரிய சர்ச்சை ஆனதே, அந்தப் படகில் இருந்தவர். ஆக, ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருமே பேப்பரில் தலைப்புச் செய்தி.

1892-இல் எலினாருக்குக் கல்யாணம் ஆனது. வயது 27. அன்றைய கணக்கில் ரொம்ப லேட். மாப்பிள்ளை கிளேட்டன் க்ளின், எசெக்ஸ் பகுதியில் நிலபுலன் உள்ளவர், நல்ல சாப்பாட்டுப் பிரியர். தேனிலவுக்குப் போன பிரைட்டனில், மனைவி சிவந்த முடியை விரித்துவிட்டுத் தனியாக நீந்துவதைப் பார்ப்பதற்காக, பொது நீச்சல் குளத்தையே வாடகைக்கு எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. ஆரம்பம் என்னவோ நாவல் மாதிரிதான். அந்த வேகம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அவருக்கு ஆண் வாரிசு வேண்டும். வரவில்லை. அவர் வேட்டை, விருந்து, சூதாட்டம் என்று ஒரு பக்கம் போனார். இவர் மற்றவர்கள் பங்களாக்களில் விருந்தாளியாகப் போய், அங்கே நடப்பதையெல்லாம் கவனித்தார்.

கவனித்ததை எழுதவும் ஆரம்பித்தார். 1900-இல் முதல் புத்தகம். ஒன்றும் தெரியாத இளம்பெண் ஒருத்தி பெரிய வீடுகளுக்கு விருந்துக்குப் போய், அங்கே நடக்கும் கள்ளக்காதல்களை அர்த்தம் புரியாமலே அம்மாவுக்கு லெட்டரில் எழுதுகிறாள். எல்லாரும் சிரித்தார்கள். கேலியாகச் சொல்கிற வரைக்கும் சமூகத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. காதலை சீரியஸாக எடுத்துக்கொண்டு எழுதினால்தான் பிரச்சினை.

அப்படி சீரியஸாக எழுதினதுதான் ‘மூன்று வாரங்கள்’. அந்தச் சமயத்தில் தன்னைவிட 16 வயது இளையவரான அலஸ்டெர் இன்னஸ்-கெர் என்ற ராணுவ அதிகாரியோடு அவருக்கு நெருக்கம் இருந்தது. அந்தத் தவிப்பில் இருந்துதான் கதை பிறந்தது என்கிறார்கள்.

கதை இதுதான். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பால் என்கிற ஆங்கிலேயப் பையன், ஊரில் ஒரு காதல் விவகாரத்தை மறக்கச் சொல்லி வீட்டார் வெளிநாட்டுக்கு அனுப்ப, சுவிட்சர்லாந்தில் ஓட்டலில் தங்குகிறான். அங்கே கறுப்பு உடையில் ஒரு பெண். அவனைவிட மூத்தவள். பெயர் சொல்ல மாட்டாள். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. உண்மையில் அவள் ஒரு நாட்டின் ராணி. கொடுமைக்காரப் புருஷனிடம் இருந்து சில நாள் தள்ளி வந்திருப்பவள். மூன்று வாரம் லூசெர்ன் ஏரியிலும் வெனிஸிலும் சேர்ந்து இருக்கிறார்கள். ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள். அவளுக்குப் பாலின் பிள்ளை பிறக்கிறது. புருஷன் அவளைக் கொன்றுவிடுகிறான். சில வருஷம் கழித்து, சிம்மாசனத்துக்கு உரிய குட்டி ராஜாவாகத் தன் மகனை பால் தூரத்தில் நின்று பார்க்கிறான்.

பால் வாங்கிக்கொடுத்த புலித்தோல் மேல் அவள் படுத்திருக்கும் காட்சி ஒன்று வரும். உலகம் முழுக்கப் பேசப்பட்டது அதுதான். எலினார் பெயரையும் புலித்தோலையும் எதுகையாக்கி யாரோ ஒரு கேலிப்பாட்டு கட்ட, அது வாய்வழியாகவே பரவி, நாவலைப் படிக்காதவர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்றைக்கு இதைப் படித்தால், இதற்கா இவ்வளவு கலாட்டா என்று தோன்றும். நம்ம ஆட்கள் போனில் படிக்கிறதோடு ஒப்பிட்டால் இது எல்.கே.ஜி. உடம்பைப் பற்றிப் பச்சையாக ஒரு வார்த்தை கிடையாது. ரோஜாப்பூ, நிலா வெளிச்சம், ஊதா நிறத் திரைச்சீலை என்று ஒரே அலங்காரம். சில பக்கங்களில் மொழி ஓவர் டோஸ் என்றே எனக்குப் பட்டது. அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?

யோசித்துப் பார்த்தால் காரணம் கதையின் அமைப்பில் இருக்கு. இன்றைய ஹிஸ்டாரிகல், பாராநார்மல் ரொமான்ஸ்களில் பெரும்பாலும் மர்மமானவன் ஆண். பணம் அவனிடம், அனுபவம் அவனிடம், ரகசியம் அவனிடம். பிரபுவானாலும் சரி, காட்டேரியானாலும் சரி. பெண் ஒன்றும் தெரியாதவளாக உள்ளே வருவாள். எலினார் 1907-லேயே இதைத் திருப்பிப் போட்டுவிட்டார். இங்கே வயது, அதிகாரம், அனுபவம், ரகசியம் எல்லாம் பெண் பக்கம். தேர்ந்தெடுப்பது அவள். சொல்லிக்கொடுப்பது அவள். விட்டுப் போவதும் அவள். அவள் நடையில் பாம்பும் புலியும் கலந்த ஏதோ ஒன்று இருக்கிறது. மனுஷிதானா என்று பாலுக்கே சந்தேகம் வருகிற மாதிரி. இந்தத் தப்புக்காக அவள் வெட்கப்படவும் இல்லை. கடைசியில் அவள் செத்துப்போகிறாள், அதுவே தண்டனைதானே என்று எலினார் வாதாடிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

ஈட்டன் பள்ளியில் புத்தகத்துக்குத் தடை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இதை விற்றதற்காக வழக்குப் போட்டுத் தண்டனையே கொடுத்தார்கள். நாவலை நாடகமாக்கி, ராணியாகத் தானே நடித்து, அனுமதி வாங்குவதற்காக 1908-இல் லண்டனில் தனிப்பட்ட காட்சியாகப் போட்டுக் காட்டினார். அனுமதி கிடைக்கவில்லை. அது வரை விருந்துக்கு அழைத்த வீடுகள் சிலவற்றில் அழைப்பு நின்றது. விற்பனை மட்டும் ஏறிக்கொண்டே போனது. யாரோ வாங்கினார்கள், யாரோ படித்தார்கள். அந்த யாரோ யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது!

இந்த ‘யாரோ’வில் ஒருத்தரை நமக்குத் தெரியும். மார்க் ட்வைன். 1908-இல் எலினார் நியூயார்க்கில் அவரைப் போய்ப் பார்த்தார். ட்வைனுக்கு அப்போது 72 வயது. நாவலைப் படித்திருந்தார். எழுத்து நன்றாக இருக்கிறது, அந்த இரண்டு பேரும் இயற்கையின் சட்டப்படிதான் நடந்துகொண்டார்கள் என்ற அளவுக்கு மனம்விட்டுப் பேசினார். எலினாருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. இதை வெளியே சொல்லுங்களேன் என்று கேட்டார். அதெல்லாம் முடியாது, இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று ட்வைன் கழன்றுகொண்டார். எலினார் விடவில்லை. அந்தப் பேச்சை நினைவில் இருந்து எழுதி அச்சடித்துவிட்டார். ட்வைன் கோபப்பட்டு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்ற ரீதியில் மறுத்தார். தனிப்பட்ட பேச்சை அச்சில் ஏற்றியது எலினார் செய்த தப்புதான். ஆனா, யாருக்கும் பயப்படாதவர் என்று பெயர் வாங்கிய அந்த மனுஷனே ஒரு காதல் நாவலைப் பிடித்திருந்தது என்று சொல்லப் பயந்தார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருது.

அடுத்தவர் நமக்குத் தெரிஞ்ச ஆள். கர்சன் பிரபு. ஆமாங்க, 1905-இல் வங்காளத்தை இரண்டாக வெட்டினாரே, அதே வைஸ்ராய் கர்சன். இந்தியாவில் இருந்து திரும்பியவர், 1906-இல் மனைவியை இழந்தார். எலினாரின் நாடகத்தைப் பார்த்துவிட்டு, பாராட்டி எழுதியதோடு, இந்தியாவில் தான் சுட்ட புலியின் தோலையும் அனுப்பிவைத்தார். அப்படித் தொடங்கிய உறவு எட்டு வருஷம் நீடித்தது.

அதே 1908-இல் இன்னொரு இடி. கிளேட்டன் சொத்தையெல்லாம் கரைத்துவிட்டார், குடும்பம் கடனில் நிற்கிறது என்று எலினாருக்குத் தெரிய வந்தது. அதற்குப் பிறகு எழுத்துதான் சோறு. புருஷன், பிள்ளைகள், அம்மா, எல்லாருக்கும் சேர்த்து. குளிர்காலத்தில் ரஷ்யத் தலைநகருக்குப் போய்த் தங்கி, அதை வைத்து 1910-இல் ஒரு நாவல். 1911-இல் ஒன்று. 1912-இல் ‘ஹால்சியோன்’, அதில் வரும் அகங்காரம் பிடித்த அரசியல்வாதி கர்சனேதான் என்று படித்தவர்களுக்குப் புரிந்தது. கர்சனோ பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று சொன்ன சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். எலினாரின் அறிவும் அழகும் அவருக்கு வேண்டும், வீட்டில். மேடையில் வேற கர்சன்.

1915-இல் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. ‘பிம்பிள்’ என்ற காமெடி நடிகரின் படக் கம்பெனி, ‘மூன்று வாரங்கள்’ கதையைக் கிண்டல் செய்து ஒரு சினிமா எடுத்தது. காப்புரிமை மீறல் என்று எலினார் வழக்குப் போட்டார். நீதிபதி யங்கர், இந்தப் படம் நாவலை நகல் எடுத்ததாகவே ஆகாது என்றார். சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். நாவலே ஒழுக்கக்கேடானது, கள்ளக்காதலுக்கு விளம்பரம் செய்கிறது, அப்படிப்பட்ட எழுத்துக்கு இந்த நீதிமன்றம் பாதுகாப்பு தராது என்றும் சேர்த்துச் சொன்னார். இதன் அர்த்தம் புரியுதா? உன் வீட்டில் திருட்டு நடந்திருக்கலாம், ஆனா உன் வீடு எங்களுக்குப் பிடிக்கல, அதனால கேஸ் எடுக்க மாட்டோம் என்பது மாதிரி. அத்தனை பேர் காசு கொடுத்து வாங்கிய புத்தகம், சட்டத்தின் முன் அநாதை. காப்புரிமைச் சட்டம் படிக்கிறவர்கள் இந்த வழக்கை இன்றைக்கும் பெயர் சொல்லிப் படிக்கிறார்கள்.

அதே வருஷம் நவம்பரில் கிளேட்டன் இறந்தார். இப்போது எலினார் விதவை, கர்சன் மனைவியை இழந்தவர். கர்சன் சோமர்செட்டில் மான்டக்யூட் என்ற பழைய மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, உள்ளே அலங்கரிக்கும் பொறுப்பை எலினாரிடம் கொடுத்திருந்தார். அது எலிசபெத் ராணி காலத்துக் கட்டடம், எலும்பை உறைய வைக்கும் குளிர். எந்தத் திரைச்சீலை, எந்த நாற்காலி என்று எலினார் மாதக்கணக்கில் உழைத்தார். 1916 டிசம்பரில் கர்சன் போர்க்கால அமைச்சரவையில் சேர்ந்தார். அந்த நாட்களிலேயே ‘தி டைம்ஸ்’ பத்திரிகையில் இன்னொரு செய்தியும் வந்தது: அமெரிக்கப் பணக்கார விதவை கிரேஸ் டக்கனுக்கும் கர்சனுக்கும் நிச்சயதார்த்தம்.

எலினார் அதைத் தெரிந்துகொண்டது பேப்பரைப் பார்த்துத்தான். இருந்த இடம் மான்டக்யூட். அதற்கு முன் கர்சன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் விளக்கம் எதுவும் தரவில்லை. எலினார் அவர் எழுதிய கிட்டத்தட்ட 500 கடிதங்களை எடுத்து எரித்தார். அதன்பின் அவரோடு பேசவே இல்லை. ஒரு பெண் எட்டு வருஷம் யாரோடு வாழ்ந்தார் என்பதற்கான அத்தாட்சி முழுவதும் ஒரே நாளில் சாம்பல். புலித்தோல் மேல் ராணியைப் படுக்க வைத்து உலகத்துக்கே காதல் சொல்லிக்கொடுத்தவருக்கு இப்படி.

அதற்குப் பிறகு அவர் இடிந்து உட்கார்ந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? போர்க்களச் செய்தியாளராக பிரான்சுக்குப் போனார். 1919 ஜூன் 28-இல் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தக் கண்ணாடி மண்டபத்தில் இருந்த மிகச் சில பெண்களில் இவரும் ஒருவர். 1920-இல், 56 வயதில், ஹாலிவுட் அழைத்தது. கிளம்பிவிட்டார்.

ஹாலிவுட் அவரைக் கொண்டாடியது. ஆங்கிலேயப் பிரபு எப்படி நடப்பார், பட்லர் எப்படித் தட்டைப் பிடிப்பார் என்று நடிகர்களுக்குப் பாடம் எடுத்தார். பாட்டி சொல்லிக்கொடுத்தது அத்தனையும் இங்கே காசானது. பெண்ணின் கையை முத்தமிடும்போது புறங்கையை விட்டு உள்ளங்கையில் முத்தமிடு என்று ருடால்ஃப் வாலண்டினோவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று பெருமையடித்துக் கொண்டார். வாலண்டினோவும் குளோரியா ஸ்வான்சனும் நடித்த ‘பியாண்ட் தி ராக்ஸ்’ (1922) இவர் நாவல்தான். 1924-இல் ‘மூன்று வாரங்கள்’ சினிமாவாகவே வந்தது. இங்கிலாந்து நீதிமன்றம் பாதுகாக்க மறுத்த அதே கதை. தன் கதைகளின் உரிமைகளையும் வருமானத்தையும் நிர்வகிக்கக் குடும்பத்தோடு சேர்ந்து கம்பெனி ஒன்றும் தொடங்கினார். 1915 கற்றுக்கொடுத்த பாடமாக இருக்கலாம்.

1927-இல் ‘இட்’. சிலரிடம் மட்டும் ஏதோ ஒன்று இருக்கும், அழகு இல்லாவிட்டாலும் கண் அங்கேயே போகும், அது தன்னிடம் இருப்பதே அந்த ஆளுக்குத் தெரியாது. அதற்கு எலினார் வைத்த பெயர் ‘இட்’. அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் அவருக்கு முன்பே கிப்ளிங் ஒரு கதையில் தொட்டிருந்தார். ஆனால் உலகத்தின் வாயில் போட்டது எலினார். ஹாலிவுட்டில் அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டதற்கு, நடிகை கிளாரா போவோடு ஒரு குதிரையையும், ஒரு ஓட்டல் வாசல்காரரையும் சேர்த்துச் சொன்னார் என்பார்கள். அந்தப் பெயருக்கும் யோசனைக்கும் 50,000 டாலர் வாங்கினார். படத்தில் எலினாராகவே ஒரு காட்சியில் வந்தும் போவார். கிளாரா போ ‘இட் கேர்ள்’ ஆனார். இன்றைக்கு யாராவது ஒரு நடிகையை அப்படி அழைத்தால், அந்த வார்த்தை இங்கே இருந்து வந்ததுதான்.

1929-இல் வரித் தொல்லையால் இங்கிலாந்து திரும்பினார். சொந்தக் காசில் ஒரு படத்தைத் தானே இயக்கி 1930-இல் வெளியிட்டார். படுதோல்வி. இன்னொன்றும் எடுத்தார், அதுவும் போச்சு. மறுபடி பேனாவை எடுத்தார். மறுபிறவியில் அவருக்குப் பலமான நம்பிக்கை உண்டு. சாவைப் பற்றிப் பயமில்லாமல் இருந்தார். 1936-இல் தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். 1943 செப்டம்பர் 23-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லண்டனில் இறந்தார். வயது 78.

‘பியாண்ட் தி ராக்ஸ்’ படத்தின் பிரதி உலகத்தில் எங்குமே இல்லை என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2003-இல் நெதர்லாந்தில், ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்திருந்த பிலிம் டப்பாக்கள் அவர் இறந்தபின் திரைப்பட அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்த அந்தச் சுருள்களுக்குள் இந்தப் படம் இருந்தது. ‘மூன்று வாரங்கள்’ நாவல் இப்போது கூட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் சில அத்தியாயங்கள் மெதுவாகத்தான் போகும். கறுப்பு உடைக்காரி ஓட்டல் சாப்பாட்டு அறைக்குள் வருகிற வரைக்கும் பொறுத்துக்கோங்க.